பிளவுஸ் துணி என்னிடம் இருக்கிறது

செமிலிங், கெடா

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, கடையில் இருக்கும் இரண்டு தையல் மிஷின் எல்லாரும் முருகன் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம். நீயும் நியூசிலாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் தஞ்சோங் டாவாய்க்கு மீன் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி அங்கே கடையில் ஆற்றித் தரும் தே தாரிக் குடித்துவிட்டு வருகிறார், கேட்டால் சீனி குறைச்சல்தான் என்கிறார், நான் நம்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இடி விழுந்து கடைக் கம்ப்யூட்டர் போய்விட்டது. சுங்கை பட்டாணியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் காளிதாசன் பழசில் இருந்ததையெல்லாம் புதுசுக்கு மாற்றிக் கொடுத்தான், ஆனால் நீ திரையில் வைத்துக் கொடுத்த 'பிளவுஸ்' என்ற சின்னப் படம் மட்டும் இதில் இல்லை. அதை இரண்டு தட்டுத் தட்டினால் ஊர்ப் பெண்கள் அளவெல்லாம் வந்து நிற்கும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சரி, ஷட்டரைத் தூக்கினால் கடைக்குள் துணி இருக்கிற மாதிரி, டேட்டாபேஸ் புரோகிராமைத் திறந்தால் அளவெல்லாம் உள்ளேதானே இருக்கும் என்று திறந்தேன். புதுசு வேண்டுமா என்று கேட்டது. புதுக் கம்ப்யூட்டர்தானே, ஆமாம் என்று அமுக்கினேன், வெறும் கட்டம் கட்டமாக வந்தது. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே கட்டம். இப்படி வெற்று ஃபைலாகவே உருவாக்கித் தள்ளியிருக்கிறேன், நீ மட்டும்தான் கம்ப்யூட்டரில் வேலை செய்வாய் என்று நினைக்காதே.

இதற்கு நடுவில் பெண்டாங் வாசுகி அக்கா மகள் வாணிக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஜொகூரில் வேலை, கல்யாணத்துக்கு முதல் நாள்தான் வந்து இறங்குகிறாள், தைப்பூசத்துக்கு வந்தபோது எடுத்த அளவு அந்தப் பழைய ஃபைலில்தான் இருக்கிறது. அக்கா தினமும் போன் செய்து, வள்ளி, புள்ள கல்யாணம்லா, கைய விட்டுறாத என்று புலம்புகிறார். காளிதாசனைக் கேட்டேன். அக்கா, புதுசு கிதுசுன்னு எதையும் அமுக்காதீங்கலா, மேல ஃபைல்னு இருக்கும், அதுல ஓப்பன் போங்க, பழசு அங்கதான் இருக்கும் என்றான். போனேன். என் வெற்று ஃபைல்கள் வரிசையாக நின்றன, அவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு பழைய ஃபைல், பெயர் 'அம்மா ஜாங்ஙான் மாரா'. அம்மா கோபிக்காதே என்று மலாயில்! எந்தப் பெண்ணாவது பிளவுஸ் அளவுக்கு இப்படிப் பெயர் வைப்பாளா? தீபாவளிக்கு வருகிறாயா என்று கேட்கும்போதெல்லாம் நீ பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா என்று நழுவுகிறாய் அல்லவா, அதனால் இவள் போகும்போதே எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், இனி அந்த ஊரிலேயே இருந்துவிடப் போகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு அப்படியே மூடிவிட்டேன். அப்பாவைத் திறக்கச் சொன்னால், ஒனக்குத்தானே எழுதியிருக்கு, நான் எதுக்குத் தொறக்கணும் என்று மீன் கழுவப் போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் மீன் கழுவியது அன்றைக்குத்தான்.

கடைசியில் வாசுகி அக்கா கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு திறந்தேன். மஞ்சளாக ஒரு பட்டை வந்து இதை நம்பலாமா என்று வேறு கேட்டது. பெற்ற பெண்ணை நம்பாமல் என்ன செய்வது, நம்புகிறேன் என்று அமுக்கினேன். பார்த்தால் மார்புச் சுற்றளவு, கை உயரம், கழுத்து இறக்கம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் வாசுகி அக்கா பயந்துபோய், வாணி அளவு காணாமப் போச்சா என்று எழுந்துவிட்டார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, நீ முப்பத்தெட்டை எண்பத்து மூன்று என்று அடித்து வைத்த அன்று நான் போட்ட சத்தம். எண்பத்து மூன்று அங்குலத்துக்கு பிளவுஸ் தைக்க முடியாது, கோவிலுக்குப் பந்தல்தான் போடலாம். அன்றைக்கு வைத்த பெயர்தானே அது, திரையில் இருந்த படத்துக்கு மட்டும்தான் பிளவுஸ் என்று பெயரா?

வாணியின் பிளவுஸ் எல்லாம் தைத்துக் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு சும்மா ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாருக்கும் அளவெடுத்த தேதி புதிதாக இருக்கிறது, உன் பெயருக்கு மட்டும் நீ விமானம் ஏறிய மாதத்துத் தேதி. போனில் பார்த்தால் ஒரு நாள் இளைத்த மாதிரி இருக்கிறாய், ஒரு நாள் உடம்பு வைத்த மாதிரி இருக்கிறாய். பெற்ற பெண்ணுக்கு எந்த அளவில் தைப்பது என்று எனக்கே தெரியவில்லை என்பது வருத்தமாக இருந்தது. ரூபினி, அங்கேயே இருந்துவிட ஆசை என்றால் நழுவாமல் சொல். நான் கோபிக்க மாட்டேன். அழுவேன், அது வேறு. ஆனால் அதை இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்.

பார்சலில் தீபாவளிப் புடவை இருக்கிறது. ஊறுகாய் வைக்கவில்லை, அங்கே பிரித்துப் பார்த்துப் பிடுங்கிக்கொள்வார்களாம். காலுறை போட்டுத் தூங்கு. முருகன் உனக்குத் துணையிருப்பான், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு.

ஒன்றை மறக்காதே. புடவையை விரித்துப் பார்த்து, நீளம் குறைகிறதே என்று கடைக்காரனைத் திட்டாதே. பிளவுஸ் துணியை வெட்டி நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அளவை வாட்ஸப்பில் அனுப்பினால் வாங்க மாட்டேன், நானே டேப் வைத்துத்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமில்லாத அம்மா,
சண்முகவள்ளி