ஏழரை மணி டாக்டரம்மா

20 ஜனவரி 2025, திங்கள்

காலையில் மூன்று இட்லி சாப்பிட்டேன். வயிற்றில் நின்றது இரண்டு.

சாயங்காலம் ஏழு இருபதுக்குக் கரண்ட் போய்விட்டது. என் மாமியார் ராமாயி அத்தை தவித்த தவிப்பைப் பார்க்க வேண்டுமே! ஏழரைக்கு 'டாக்டர் வேதவல்லி' சீரியல். கடைசியில் மாமனார் மணியன் மாமா, போர்வெல் போடும் பழைய ரிக் வண்டியின் பேட்டரியைக் கழற்றி வந்து இன்வெர்ட்டரில் மாட்டினார். ஃபேன் இல்லை, விளக்கு இல்லை, டிவி மட்டும் ஓடியது.

அதில் சிந்துஜா என்று ஒரு கர்ப்பிணி. நான் கல்யாணமாகி இந்தத் திருச்செங்கோட்டு வீட்டுக்குள் கால் வைத்தபோதே அவளுக்கு ஐந்தாம் மாதம். இப்போது எனக்கு ஏழு. அவளுக்கும் ஏழுதான்.

2 பிப்ரவரி, ஞாயிறு

புது காலண்டரை அத்தை இன்றுதான் ஒழுங்காகப் புரட்டினார். ஏப்ரல் 26, எனக்குக் குறித்துக் கொடுத்த தேதி. அதன் கீழே சித்திரை 13 என்று இருக்கிறது.

"அய்யோ சாமி! ஏப்ரல்னா பங்குனின்னு இருந்துட்டனே! சித்திரையில பொறந்தா அப்பன் தெருவிலேம்பாங்க. எம் பையனை நடுத்தெருவுல நிறுத்தப் பாக்கறயா அறிவுமதி?"

என்னவோ நான் கடையில் போய்த் தேதி கேட்டு வாங்கி வந்தது போல! அவர் பையன் ஏற்கெனவே தெருவில்தான் இருக்கிறார். வருஷத்தில் ஒன்பது மாதம் சத்தீஸ்கரில் போர் போடும் ரிக் வண்டிக்குப் பக்கத்தில் படுக்கை. இதைச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் பிள்ளை தலையில் கட்டிவிடுவார்.

யோசித்தால் சிரிப்பு வருகிறது. மழைக்கு ரிக் வண்டிகள் ஓடாது. ஆண்கள் ஆனி, ஆடியில்தான் ஊர் திரும்புவார்கள். கணக்குப்படி இந்தப் பக்கத்து ரிக் வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் சித்திரையில்தான் வந்து விழ வேண்டும். ஒருவர் ஜாதகத்திலும் சித்திரை இல்லையே, எப்படி?

12 பிப்ரவரி, புதன்

ஜோசியர் பச்சமுத்து வந்தார். "பங்குனி உத்திரம், வெள்ளிக்கிழமை, காலைல ஒம்போதே காலுக்கு ஆப்ரேசன் பண்ணி எடுத்துருங்க. கலெக்டருங்க!"

ஏப்ரல் 11. பதினைந்து நாள் முன்னால். இதே நேரத்தை இன்னும் மூன்று ரிக் வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறாராம். ஆக, ஊருக்கு நாலு கலெக்டர்.

எம்பட வவுறு. என்னைய ஒருத்தராச்சும் கேட்டாங்களா? அம்மா இருந்திருந்தால் பள்ளிபாளையத்துக்கே போய்ப் பெற்றுக்கொண்டு வந்திருப்பேன். அம்மா இல்லை. அழுகை அழுகையாக வருகிறது.

15 பிப்ரவரி, சனி

சேலம் அஸ்தம்பட்டி கிளினிக். டாக்டர் தனப்பிரியா நிதானமாகத்தான் சொன்னார். "நல்ல நேரத்துக்காக இவ்வளவு முன்னாடி எடுக்க மாட்டேங்க. சில குழந்தைங்க மூச்சுக்குத் திணறும், பெட்டியில வெக்க வேண்டி வரும். முப்பத்தொம்போது வாரமாவது முடியட்டும்."

வெளியே வந்ததும் அத்தை, "கையில ஒரு வாச்சுகூடக் கட்டல. இந்த டாக்டருக்கு என்ன நேரம் தெரியும்?"

பஸ்ஸில் வரும்போதே யார் யாருக்கோ போன் போட்டார். வேறோர் ஆஸ்பத்திரியில் செய்து தருகிறார்களாம். ஒன்பதே காலுக்குப் பெயரைப் பதிந்தாயிற்று. சேலம் டாக்டர் படித்தது பொய். வேதவல்லி சொன்னால் மட்டும் வேதம். அவள் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்டுக்கொண்டு போகிறவள்!

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "அம்மா நல்லதுக்குத்தான் சொல்லும். அனுசரிச்சுப் போ" என்றார். ரிக் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்டதே போதும்.

3 மார்ச், திங்கள்

ஒரு காரியம் செய்துவிட்டேன்.

சீரியல் முடிந்ததும் இரண்டு நிமிஷம் 'வேதவல்லியிடம் கேளுங்கள்' என்று வரும். பார்க்கிறவர்கள் கேட்பார்கள், நடிகை வெள்ளைக் கோட்டோடு பதில் சொல்லுவார். நிஜ டாக்டர்கள் சரிபார்த்த பதில் என்று கீழே எழுத்து ஓடும். அதற்குப் போனிலேயே எழுதிப் போட்டேன்.

"கணவர் ரிக் வண்டியில் வெளியூரில். சித்திரை ஆகாது என்று மாமியார் பங்குனி உத்திரத்துக்கு ஆபரேஷன் நாள் குறித்துவிட்டார். எனக்கு ஆபரேஷனுக்குப் பயமில்லை. காரணமே இல்லாமல் எடுத்துப் பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் நான் யாரைக் கேட்பேன்? – மோனிஷா, பள்ளிபாளையம்."

மோனிஷா யாரோ. நல்ல பெயராக இருந்தது.

4 மார்ச்

அனுப்பியது தப்போ?

19 மார்ச், புதன்

வந்துவிட்டது! அவசரத்தில் எழுத்து கோணுகிறது.

வேதவல்லி என் கடுதாசியை அப்படியே வாசித்தார். அத்தை பொரி உருண்டையைக் கீழே வைத்துவிட்டுக் கொதித்தார். "எந்த ஊட்டு ராச்சசி இவ? மாசமா இருக்கற புள்ளைய இந்தப் பாடு படுத்தறா! இவளெல்லாம் உருப்படுவாளா?"

எனக்குப் பொரி மூக்கில் ஏறிவிட்டது.

வேதவல்லி சொன்னார்: தேவைப்பட்டால் ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றும். தேவை இல்லாமல் அவசரப்படுத்தக் கூடாது, கடைசி வாரங்களில்தான் நுரையீரல் நன்றாகத் தேறும். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எதற்காக? காத்திருந்தால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? கேட்டுவிட்டுப் பெற்றுக்கொள்ளப் போகிறவள் முடிவு சொல்லட்டும்.

ஒவ்வொன்றுக்கும் அத்தை தலையாட்டினார். "அப்படிப் போடு! எங்க வேதவல்லிடா!"

மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ரிக் ஊடு. சித்திரை. பங்குனி உத்திரம். அந்த ராச்சசி நீதான் ராமாயி."

அத்தை என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன். சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

20 மார்ச்

அத்தை பேசவில்லை. ரசத்தில் உப்பும் இல்லை.

இவர் கூப்பிட்டார். "கேம்ப்புல வண்டிய நிறுத்திப்போட்டு எல்லாரும் போன்ல பாத்தோம். டிரில்லர் அண்ணன்கூட அழுதுட்டாரு. அந்தப் புள்ள பாவமில்ல?"

"அந்தப் புள்ள நாந்தானுங்க."

ரிக்கை நிறுத்தச் சொல்லி யாரிடமோ கத்தினார். அப்புறம், "அம்மாகிட்ட நான் பேசறேன்" என்றார். பேசவும் செய்தார்.

22 மார்ச், சனி

மத்தியானம் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மிளகாயைக் கிள்ளிக்கொண்டே, "ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாத சாமி. உம் புருசன் பொறந்தது சித்திரை மூணு. பங்குனின்னு மாத்தி எழுதி வெச்சோம். உன்ற மாமனாரும் ரிக்குதானே, வேற எப்பப் பொறக்கும்? ஒரு சளியடிச்சாலும் சித்திரைதான் பண்ணுதோன்னு முப்பது வருசம் பயந்தே கெடந்தேன். அந்தப் பயம் உனக்கு வேண்டாம்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும். பாவமாக இருந்தது, கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று எனக்குப் பார்த்தார்களே, அது யாரோடு?

பதிந்த ஆஸ்பத்திரிக்கு மாமா போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

11 ஏப்ரல், பங்குனி உத்திரம்

ஒன்பதே கால். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே நன்றாக உதைத்தாள், அல்லது உதைத்தான்.

27 ஏப்ரல், ஞாயிறு

படுத்தபடி எழுதுகிறேன். தையல் இழுக்கிறது.

வியாழன் காலையில் வலி. அஸ்தம்பட்டிக்கு மாமா கார் ஓட்டினார், ரிக் ஓட்டுகிற வேகத்தில். மத்தியானம்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. ஒன்றே முக்கால் இருக்கும், குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, ஏறவே மாட்டேன் என்கிறது. ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர் தனப்பிரியா.

அத்தை கதவை மறித்து நின்றார். "எதுக்காகங்க? காத்திருந்தா என்னாகும்? வேற வழி இருக்குதுங்களா?"

டாக்டர் ஒரு நொடி அவரை உற்றுப் பார்த்தார். "ஏழரை மணி சீரியலுங்களா? எங்க அம்மாவும் பாப்பாங்க." பிறகு என் பக்கம் குனிந்து சொன்னார். "துடிப்பு குறையுது. காத்திருந்தா குழந்தைக்கு ஆபத்து. மத்ததெல்லாம் பண்ணிப் பாத்தாச்சு. நீங்க என்ன சொல்றீங்க அறிவுமதி?"

என்னை. என்னைக் கேட்டார். "எடுத்துருங்க டாக்டர்" என்று சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன்.

உருட்டிக்கொண்டு போகும்போது சுவரில் கடிகாரம், ஒன்று ஐம்பது. வியாழக்கிழமை, நல்ல ராகு காலம். அத்தையும் பார்த்துவிட்டார். போச்சு, மூன்று மணிவரை தள்ளிப்போடச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"என்ன நின்னுட்டு இருக்கறீங்க? சீக்கிரம் போங்க! ராகு வந்தா நான் பேசிக்கறேன்."

பெண். இரண்டு கிலோ எண்ணூறு. வந்ததும் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள்.

14 ஜூலை, திங்கள்

மழைக்கு இவர் வந்துவிட்டார். பாப்பாவைத் தூக்கத் தெரியாமல், டிரில் பிட்டைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

ஜாதகம் எழுதப் பச்சமுத்து வந்தார். பேனாவைத் திறந்துவிட்டு மெதுவாக, "சித்திரை பதினொண்ணு, அதுலயும் ராகு காலம்... பங்குனிக் கடைசின்னு போட்டுக்கலாமுங்களா? வளக்கமா போடறதுதான்."

அத்தை பாப்பாவை இவர் கையிலிருந்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"நடந்ததை எழுதுங்க. அப்படியே இவனுக்கும் ஒண்ணு புதுசா எழுதுங்க. சித்திரை மூணு."

இவர் வாயைப் பிளந்தார். பச்சமுத்துவுக்குப் பேனா ஓடவில்லை. மாமா டிவியின் சத்தத்தைக் கூட்டினார், மணி ஏழரை.

சிந்துஜாவுக்கு இன்னும் வலி வரவில்லை.