முற்றத்தைக் காட்டிக் கொடுத்தவன்

ஏப்ரல் 11, வெள்ளி

காலையிலேயே இத்தாலியப் பயணிகள் கூட்டத்துக்குத் தோல் பதனிடும் தொட்டிகளைக் காட்டி முடித்துவிட்டு எங்கள் சந்து முற்றத்துக்கு ஓடினேன். நாரத்தை பூத்திருக்கிறது. கத்தூஜ் அக்கா கதவைத் தாழிட்டார். வெள்ளி பிற்பகல் அந்த இடம் எங்கள் சந்துப் பெண்களுக்கு மட்டும். முக்காட்டைக் கழற்றிவிட்டு, ஊற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். கிஸ்லான் இன்றுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். தாஸா ஊரில் புருஷனிடம் அடிபட்டு ஓடிவந்து, கத்தூஜ் அக்காவின் மாடியறையில் ஒளிந்திருப்பவள்.

இந்த ஃபெஸ் நகரம் முழுக்கச் சுற்றுலா ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைவதுதான் என் பிழைப்பு. ஆனால் இந்த முற்றத்தை ஒருவருக்கும் காட்டியதில்லை.

ஏப்ரல் 15

அன்வர், என் சொந்தத் தம்பி, அவனும் வழிகாட்டிதான், ‘யாரும் காணாத ஃபெஸ்’ என்று புதிதாக ஒரு சுற்றுலா தொடங்கியிருக்கிறான். போன வெள்ளிக்கிழமை முற்றத்துக்குப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் வெள்ளைக்காரர்களை ஏற்றி, கீழே இருந்த எங்களைக் காட்டியிருக்கிறான். படம் பிடித்து, இணையத்தில் போட்டு ஊருக்கே பரப்பியும் விட்டான். நடுவில் கிஸ்லான், ஈரத் தலையோடு.

“தொட்டியையே எத்தனை நாள் காட்டுறது அக்கா? ஜனங்க புதுசா கேக்குறாங்க. மூஞ்சிகூட தெளிவா தெரியல.”

“தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்டா.”

கிஸ்லான் ஒளிந்திருப்பது அவனுக்குத் தெரியாதாம். தெரியாவிட்டால்? மற்ற பெண்களை மட்டும் எட்டிப் பார்க்கலாமா?

ஏப்ரல் 16

படத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டானாம். அதற்குள் எத்தனை பேர் கைக்குப் போயிற்றோ.

ஏப்ரல் 22

வந்துவிட்டான். புருஷன் இல்லை, அவன் தம்பி. கைப்பேசியில் அதே படத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டிருக்கிறான். கத்தூஜ் அக்கா வாசலை மறித்து நின்றார்.

“பொண்டாட்டியத் தேட தம்பிய அனுப்பியிருக்கானே, உங்க அண்ணனுக்குக் காலு இல்லையா?”

நாளைக்கு அண்ணனோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கிஸ்லான் மாடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அன்வரின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருக்கிறது.

ஏப்ரல் 23

முடிந்தது. இன்றைக்கு எனக்கு டச்சுக்காரப் பெண்களின் கூட்டம். விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தி தொப்பியைக் கழற்றித் தந்தாள், இன்னொருத்தி கறுப்புக் கண்ணாடியை. கிஸ்லானை நடுவில் விட்டு நடந்தோம். சந்து முனையில் அண்ணனும் தம்பியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்று, அவர்கள் தலைக்கு மேலே இருந்த மர வேலைப்பாட்டைக் கையால் காட்டி, வாய்க்கு வந்ததை உரக்க அளந்தேன். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்த இரண்டு மடையன்களும்தான். அவள் கடந்து போய்விட்டாள்.

கோட்டை வாசலுக்கு வெளியே அன்வர் காரோடு நின்றான். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அவளை வேறு ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு இருட்டிய பிறகு திரும்பினான்.

“மன்னிச்சிடு அக்கா.”

அவகிட்டப் போய்க் கேளுடா என்றேன். வழியில் கேட்டானாம். அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாளாம்.

மே 2, வெள்ளி

முற்றத்துக்கு எங்களில் யாரும் போகவில்லை. அன்வரின் படத்தைப் பார்த்த மற்ற வழிகாட்டிகள் பயணிகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒருத்தன் என்னிடமே அந்த இடத்துக்கு வழி கேட்டான். எங்கள் இடத்துக்கு, என்னிடம்! தொட்டிகள் பக்கம் அனுப்பிவிட்டேன்.

மே 16, வெள்ளி

நானும் கத்தூஜ் அக்காவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு இடம் தேடித் திரிந்தோம். பூட்டிக் கிடந்த ஒரு பழைய குளியல் கூடம். அத்திமரம் சுவரைப் பிளந்த ஒரு தோட்டம். இத்தனை வருஷத்தில் நானே பார்க்காதவை. ரசிக்க முடியவில்லை. எங்கே போனாலும் முதலில் அண்ணாந்து, சுற்றியுள்ள மாடிகளைத்தான் பார்க்கிறேன். இந்தப் பழக்கத்தையும் அன்வர்தானே கொடுத்தான்?

ஜூன் 13, வெள்ளி

கிடைத்துவிட்டது. எந்த மாடியும் எட்டிப் பார்க்க முடியாத இடம். தண்ணீரும் இருக்கிறது. இன்று எல்லாரும் வந்தார்கள். கிஸ்லான் தொலைபேசியில் பேசினாள். பேக்கரியில் வேலையாம், முதலாளியம்மாவைப் போல நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்கவைத்தாள்.

வீடு திரும்பியபோது அன்வர் வந்திருந்தான். வெள்ளிக்கிழமை எல்லாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

எங்கே என்று இந்த நாட்குறிப்பிலும் எழுதப்போவதில்லை.