நியாயப்படுத்தாதீங்கப்பா என்று நீ சொன்னது

ராஜபாளையம்

அன்புள்ள பாண்டிதுரைக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், நீயும் காளீஸ்வரியும் பேத்தி மகிழினியும் அந்த டென்மார்க் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். ஊருக்குப் போய்ப் பத்தொன்பது நாளாகியும் நீ என் போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். சேத்தூர் வயலில் இரண்டு நல்ல மழை, உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

நீங்கள் கிளம்பிய அன்று மதுரை ஏர்போர்ட்டில் உள்ளே போன பிறகு என்னைப் போனில் கூப்பிட்டாய். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தி உன் மாமனாரிடம் சொல்லிக்கொண்டு போவதாகத்தான் பேச்சு, அவர் அக்காவுக்கு முடியவில்லை என்று விடியற்காலையிலேயே வன்னியம்பட்டி போய்விட்டார் என நான் சொன்னதால் கார் நிற்காமல் வந்தது. காளீஸ்வரி இரண்டு தடவை போன் போட்டும் அவர் எடுக்காததால் நீங்களும் நம்பிவிட்டீர்கள். அவரோ போனை வீட்டில் வைத்துவிட்டு, கார் தாண்டிப்போனது தெரியாமல் ரோட்டோரக் கடை நிழலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, வீடு திரும்பி உன்னிடம் போனில் பேசியிருக்கிறார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டாய். பிளேனுக்கு நேரமாகிவிடும் என்றேன், பிள்ளை அழுவாள் என்றேன், அவரே பாவம் மனசு சங்கடப்படுவார் என்றுகூடச் சொன்னேன். “செஞ்சத நியாயப்படுத்தாதீங்கப்பா” என்று சொல்லி வைத்துவிட்டாய்.

எனக்கு அந்த வார்த்தை பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, நியாயத்தைச் சொன்னால் தப்பா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “நியாயம் இருந்தாச் சும்மா சொன்னாப் போதும். சுத்தமா இருக்க தரைய யாரும் சுத்தப்படுத்துவாகளா? நியாயம் இல்லாததத்தான் நியாயப்படுத்தணும். நீங்க இம்புட்டு நேரமா அதத்தான் செய்றீக” என்றாள்.

உள்ளதைச் சொல்கிறேன், பொறாமைதான். உன் மாமனாரிடம் போனில் பேசினால் மாமா மாமா என்று சிரிக்கிறாய், என்னிடம் சரிப்பா, சரிப்பா, வைக்கட்டுமாப்பா. அவர் வீட்டில் நீங்கள் இருந்த ஒன்பது நாளில் பேத்தி அவர் மடியை விட்டு இறங்கவில்லையாம், இங்கே இருபது நாளும் நான் தூக்கினால் முறுக்கிக்கொண்டு ஓடினாள். அவரைத் தாத்தா என்கிறாள், நான் மட்டும் ராஜபாளையம் தாத்தா. கடைசி நாளாவது என்னோடு முடியட்டும் என்று நினைத்தேன். மனைவியும் இல்லாமல் ஒற்றை மகளை அனுப்பிவிட்டு இருக்கிற மனிதர் என்பது அப்போது உறைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் வாய் முதலில் பிளேன் நேரத்தைத்தான் எடுத்தது, பாதியில் நிறுத்திவிட்டு, “பொறாமையில பொய் சொல்லிட்டேன் சம்பந்தி” என்றேன். அவர் திட்டவில்லை. “எங்க தெருவத் தாண்டும்போது பிள்ள தூங்கிட்டாளா, முழிச்சிருந்தாளா?” என்று கேட்டார். தூங்கினாள் என்று சொன்னால் இரண்டு பேருக்கும் சுலபம். முழித்திருந்தாள், தாத்தா வீடு என்று கை காட்டினாள், நான்தான் அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினேன் என்று சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. “அடையாளம் தெரிஞ்சிருக்கு பாத்தீகளா” என்றார்.

கிளம்பும்போது, அன்றைக்குப் பேத்திக்குக் கொடுக்க வைத்திருந்த பச்சைப் பட்டுப்பாவாடையை என் கையில் தந்து அனுப்பச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அதை நாங்கள் எடுத்ததாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது, இதையும் மறைக்கவில்லை. கடிதத்தோடு பார்சலில் வருகிறது. அவர் எடுத்தது என்று சொல்லியே பிள்ளைக்குப் போட்டுவிடு.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். காளீஸ்வரியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பாவாடை போட்டதும் முதலில் அவருக்குத்தான் வீடியோ கால் போட வேண்டும், மறந்துவிடாதே. எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்பதை மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

உன் அப்பா,
பால்ச்சாமி