மூன்று தும்மல்

சிடார் ஃப்ளாட்,
புதன்கிழமை மத்தியானம்

அன்புள்ள ரமிரோவுக்கு,

உன் எல்வீரா எழுதுவது. நானும் நயேலியும் நலம். காட்டுத்தீயை அணைக்கப் போன நீயும் உன் குழுவினரும் உடம்பில் காயம் படாமல் இருக்கிறீர்கள் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். மலையில் போன் எடுக்காது என்பதால், நாளைக் காலை உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

இங்கே மிளகாய்ச் செடியெல்லாம் சாம்பல் படிந்து கிடக்கிறது. துணியை வெளியே காயப்போட முடியவில்லை. நயேலிக்கு லேசாக இருமல், காய்ச்சல் இல்லை. பள்ளிக்கூடம் மூடியதில் அவளுக்குக் கொண்டாட்டம், எனக்குத்தான் திண்டாட்டம். உன் குழுவில் செர்ஹியோவுக்குத் தீயில் கால் வெந்துவிட்டது என்று அவன் மனைவி நேற்று வந்து அழுதாள். கட்டிப்பிடித்துத் தேற்றினேன். ஆனால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் கார் திங்கட்கிழமை படுத்துவிட்டது. மேடு ஏறவே மாட்டேன் என்கிறது, அழுகிய முட்டை நாற்றம் வேறு. எப்படியோ உருட்டிக்கொண்டு டாரெலின் பட்டறைக்குப் போனேன். அவரைத்தான் தெரியுமே, கையைவிட வாய் நீளம். அடியில் படுத்துப் புகைக்குழாயைத் தட்டினார். கலகலவென்று சத்தம். "என்னம்மா இது, இருபத்தாறு வயசுக் காருக்குக் கிலுகிலுப்பை கட்டி விட்டிருக்கீங்க?" என்று சிரித்தார். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தவர், மீட்டர் பக்கத்தில் நீ ஒட்டிய கருப்பு டேப்பை உரித்தார். அடியில் மஞ்சள் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எரிகிறது. "தீயணைக்கிற ஆளு, எச்சரிக்கை விளக்குக்குக் கண்ணைக் கட்டி வச்சிருக்கான் பாருங்க" என்றார்.

வண்டி உதறுகிறது என்று நான் சொன்னபோதெல்லாம் "பழைய வண்டின்னா அப்படித்தான்டி" என்றாய். எனக்கு உன்மேல் கோபம்தான். ஆனால் டேப் ஒட்டியது நீ என்றால், நாலு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியது நான்.

ஒரு பிளக் சரியாக வேலை செய்யவில்லையாம். எரியாத பெட்ரோல் புகையோடு போய்க் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரிந்திருக்கிறது. புகையைச் சுத்தம் பண்ணுகிற டப்பா அது, உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான். அந்தப் பீங்கான் பழுக்கக் காய்ந்து நொறுங்கிவிட்டது. டப்பாவைக் கழற்றிக் காட்டினார். பாதியைக் காணோம். மீதி எங்கே என்று கேட்டேன். "எங்க போகும், பின்னாடி குழாய் வழியா நெருப்புத் துண்டாத் தெறிச்சிருக்கும்" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். இரண்டு பேரும் புகையும் மலையைப் பார்த்தோம்.

ரமிரோ, ஞாயிற்றுக்கிழமை நீ தூங்கிக்கொண்டிருந்தாயே, அப்போது அக்கா வீட்டு ஞானஸ்நானத்துக்குத் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டைப் பானையோடு நானும் நயேலியும் அந்த மலைச்சாலையில்தான் ஏறினோம். வளைவுகளில் வண்டி உதறி, டப்பென்று வெடித்தது. "அம்மா, காரு தும்முது!" என்று நயேலிக்கு ஒரே சிரிப்பு. நம் வீட்டில் யாராவது தும்மினால் சொல்வோமே, அதே மாதிரி முதல் தும்மலுக்கு ஆரோக்கியம், இரண்டாவதற்குப் பணம், மூன்றாவதற்கு அன்பு என்று காரை வாழ்த்திக்கொண்டே வந்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது மணி இரண்டு இருக்கும். திரும்பும்போது சாலையை மூடிவிட்டார்கள், ஆற்றுப் பக்கமாகச் சுற்றி வந்தோம். வீட்டுக்கு வந்தால் நீ பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாய்.

நேற்று ரேடியோவில் சொன்னார்கள், தீ ஒரே இடத்தில் பிடிக்கவில்லையாம். சாலையோரக் காய்ந்த புல்லில், வளைவுக்கு வளைவு, மூன்று இடத்தில். ஞாயிறு மத்தியானம் அந்த வழியாகப் போனவர்கள் பள்ளிக்கூட ஹாலில் இருக்கும் விசாரணை அதிகாரியிடம் வந்து சொல்லவேண்டுமாம். இரண்டு வீடு எரிந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, இதுவரை. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே உன்னைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்களோ என்று வாசலுக்கு ஓடுகிறேன். என் காரிலிருந்து விழுந்த நெருப்புக்குள் நீ நிற்கிறாய்.

அந்த டப்பா மாவுப் பையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. கொடுக்கும்போது டாரெல் குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான். இதுன்னா அவனுக்கு உசுரு. குடுத்துட்டீங்கன்னா உருக்கிருவான். நான் எதையும் பாக்கல" என்றார். நல்லது நினைத்துத்தான் சொன்னார். உன் வேலை என்ன ஆகும், செர்ஹியோ மனைவி என் முகத்தில் முழிப்பாளா என்றெல்லாம் பயந்து, வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்றுதான் நானும் காத்திருந்தேன். அதை உன்னிடம் மறைக்கவில்லை.

இன்று காலை புகையில் நயேலி தும்மினாள். வாழ்த்துக்காக என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு வாயே வரவில்லை. அப்போதே முடிவு செய்துவிட்டேன். நாளை இந்தக் கடிதத்தைக் கொடுத்த கையோடு, பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட ஹாலுக்குப் போகிறேன். ஓட்டியது நான் என்று சொல்வேன். டேப்பை இந்தத் தாளின் அடியில் ஒட்டியிருக்கிறேன். அதைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்.

உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு, நம் தப்புக்கு நானே ஈடுகட்டுகிறேன் என்று எல்லோருக்கும் முன்னால் போய் நிற்காதே. காற்று திரும்புகிறது, வா என்று கத்தினால், மலைக்காற்று என்றால் அப்படித்தான் என்று நின்றுவிடாதே. ஓடி வந்துவிடு. என்னைத் திட்டுவதற்காகவாவது வந்துவிடு.

பணம் வேண்டாம். அன்பு மிச்சம் இருக்கிறதா என்று நீ வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் தும்மலுக்குச் சொல்வோமே, அது மட்டும் உனக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசலையே பார்த்திருக்கும்
எல்வீரா