எஸ். என்னிடம் சொன்னது

19.1.81, திங்கள்

மூடுபனி. எதிர் பிளாக் தெரியவில்லை. பால் பூத்தில் நீளமான க்யூ. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாள்கள் கட்டுக்கட்டாக மேஜை மேல். ஒன்றும் திருத்தவில்லை.

பதினோரு மணிக்குத்தான் வெயில். வகுப்பைப் புல்வெளிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டார்கள், எஸ். மட்டும் இல்லை. (பெயர் இங்கேயும் வேண்டாம்.) முன் பெஞ்சுக்காரி, கெட்டிக்காரி. பெல் அடித்தபின் நிறுத்திக் கேட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக் காட்டினாள். பெல்ட் தடம், முழங்கைக்கு மேல் வரை.

"டாடி குடிச்சா இப்படித்தான். யார்கிட்டயும் சொல்லக்கூடாது டீச்சர். கசம் சாப்பிடுங்க."

சத்தியம் செய்வதை இந்த டில்லிப் பிள்ளைகள் இந்தியிலிருந்து இழுத்து வந்து இப்படித்தான் சொல்லும். வேறு நாளாக இருந்தால் திருத்தியிருப்பேன். இன்று அவள் தலையில் கை வைத்து, செய்தேன்.

20.1, செவ்வாய்

சரியான தூக்கமில்லை. ஜூலையில் ஸ்டாஃப் மீட்டிங்கில் பிரின்சிபால் மேடம் சொன்னது காதிலேயே இருக்கிறது. "குழந்தைங்க உடம்புலயோ மனசுலயோ காயம் பாத்தீங்கன்னா முதல்ல எனக்குத் தெரியணும். சிலபஸ் எல்லாம் அப்புறம்." தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன். சத்தியம் செய்துவிட்டோமே என்று எனக்கு நானே சமாதானம். பொய். எஸ்.ஸின் அப்பா பள்ளிக் கமிட்டியில் இருக்கிறார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கையெழுத்துப் போடுவது கமிட்டி.

இவரிடம் சொன்னேன். கட்டினவரிடம் சொன்னால் சொன்னதாகுமா? பேப்பரை இறக்காமலே, "கமிட்டி ஆளாச்சே. ஊர் வம்பு உனக்கெதுக்கு?" என்றார். சுர்ரென்று கோபம் வந்தது. நான் கேட்க ஆசைப்பட்டதும் அதே பதில்தான், அதனால் வந்த கோபம்.

வாங்க: கடுகு, சிவப்பு மை, இவருக்கு மப்ளர்.

21.1, புதன்

குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகை, ரோடு அடைப்பு. சாயங்காலம் பஸ் ஊர்ந்தது. பக்கத்து சீட்டில் கணக்கு டீச்சர் விஜயா. "என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். பெல்ட், குடி, கமிட்டி, அப்பா பெயர், பிளாக் நம்பர் வரை.

குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. டில்லி பஸ்ஸில் நாங்கள் எல்லாரும் இப்படித்தான். சுற்றிலும் பஞ்சாபிகள், தமிழில் பேசினால் சொந்தச் சமையலறையில் பேசுகிற மாதிரி. கண்டக்டரின் தொப்பை முதல் அவரவர் மாமியார் வரை அலசியிருக்கிறோம். ஒருநாளும் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இன்று திரும்பிப் பார்த்தாள் ஒருத்தி. முன் சீட்டு, ஸல்வார் கமீஸ், தலையோடு சால்வை. பஞ்சாபி அம்மாள் என்றே நினைத்திருந்தேன். எங்கள் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்க எழுந்தவள், "அட பாவமே! எங்க மேல் வீட்டுப் பொண்ணையா சொல்றீங்க? சத்தம் கேக்கும். டிவின்னுல்ல நெனச்சேன்!" என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

விஜயா என் தொடையைக் கிள்ளினாள். வீட்டுக்கு வந்து குக்கர் வைத்தேன், தண்ணீர் ஊற்ற மறந்தேன்.

23.1, வெள்ளி

எஸ். நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. விஜயா என்னைத் தனியாக அழைத்து, "நான் மூச்சு விடலைடி, சாமி சத்தியமா" என்றாள். அவள் விடவில்லைதான். விட்டது நானல்லவா.

மேடத்திடம் இப்போதாவது போகலாம். போனால், ஏன் திங்கட்கிழமையே வரவில்லை என்று கேட்பார். போகவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தாள்கள் பாதி திருத்தினேன். எஸ்.ஸுக்கு எண்பத்திரண்டு.

27.1, செவ்வாய்

வந்தாள். இடது காது வீங்கியிருக்கிறது. வகுப்பு முடிந்ததும் அவளாகவே என்னிடம் வந்தாள்.

"காலனி பூரா தெரிஞ்சுபோச்சு டீச்சர். கீழ் வீட்டு ஆன்ட்டி வந்து மம்மிகிட்ட கேட்டாங்க. டாடி உள்ளதான் இருந்தார்."

மானம் போயிற்றாம் அவருக்கு. போர்டு பரீட்சையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அடுத்த மாசமே திருச்சியில் அத்தை வீட்டுக்கு அனுப்பப் போகிறாராம். படித்தது போதுமாம்.

"லதாதான் சொல்லியிருப்பா. அவளுக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க. கசம் சாப்பிட்டீங்களே."

லதா ஒன்றாம் வகுப்பிலிருந்து இவளோடு ஒரே பெஞ்சு. இன்று கடைசி பெஞ்சில் தனியாக, கண் சிவந்து.

நான் என்ன சொன்னேன்? "காதுக்கு மருந்து போட்டியா?" என்றேன். அதோடு சரி. அந்தப் பெண் மேல் பழி விழட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் மூடாத வாய். வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

சாப்பாடு இறங்கவில்லை. இவர் கேட்டார். தலைவலி என்றேன்.

28.1, புதன்

பனி இல்லை. நல்ல வெயில்.

இடைவேளையில் லைப்ரரி பின்னால் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. சுற்றி வளைத்தால் மறுபடி பயந்துவிடுவேன் என்று நேராகவே சொன்னேன். "லதா சொல்லலைம்மா. நான்தான் சொன்னேன். பஸ்ல. அந்தக் கீழ் வீட்டம்மா முன் சீட்ல இருந்தாங்க, எனக்குத் தெரியலை."

லதா விசும்பி விசும்பி அழுதாள். எஸ். அழவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பஸ்ல யார்கிட்ட சொன்னீங்க?"

"விஜயா டீச்சர்கிட்ட. அதுக்கு முன்னாடி எங்க வீட்ல அவர்கிட்ட."

ஸ்வெட்டரில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டே நின்றாள்.

"மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவங்க மட்டும்தான் பாக்கியா டீச்சர்?"

பெல் அடித்தது. லதாவைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

மேடம் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். எஸ். பெயரைச் சொல்லி, அவளுடைய அப்பா என்று ஆரம்பித்தேன். "ஒரு நிமிஷம் இருங்க" என்று மேடம் எழுந்து போய், கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.