ஆறு தேக்கு நாற்காலிகள்

வடமதுரையில் இருக்கும் உனக்கு,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நாற்காலிகளைப் பற்றியே எழுதுகிறேன்.

பழைய மில் விடுதி ஏலத்தில் எடுத்த ஆறிலும் பிரம்பு வெடித்துவிட்டது. அறுபதுகளின் அசல் பின்னல். அந்த மெலிந்த, சாய்ந்த கால்களைப் பார்த்து நீயும் ஒருநாள் அழகுதான் என்றாய். பழனி ரோட்டிலிருந்து பிரம்பு பின்னுகிறவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"காஞ்சு போச்சு சார். அப்பப்ப ஈரத்துணி வச்சுத் தொடச்சு, ஆளு உக்காந்து எந்திரிச்சிருந்தா இம்புட்டு வெடிச்சிருக்காது" என்றார்.

அன்று உன் அப்பா கைத்தடியோடு வந்தபோது, "அதுல உக்காராதீங்க மாமா, பின்னல் தொய்ஞ்சுரும்" என்றேன். "அதுக்கென்ன மாப்ள" என்று சுவரைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்தார். காபி டம்ளரோடு நீ அப்படியே நின்றாய். அதன்பிறகு அவர் வரவேயில்லை. அவருடைய காரியத்துக்குப் போன நீயும் திரும்பவில்லை.

புதுப் பிரம்பு போடலாம். போட்டால் அது அசல் இல்லை. வா என்று எழுதவும் கை வரவில்லை. வந்தால் எதில் உட்காருவாய்?

ஆறும் சுவரோரம் வரிசையாக நிற்கின்றன. இதை நான் தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் மாப்பிள்ளை