ஆரஞ்சுப் புள்ளி

ஜூன் 9, திங்கள்
சமையலறை ஜன்னலில் குட்டி அந்துப்பூச்சி. என் சுண்டுவிரல் நகம்கூட அதைவிடப் பெரிசு. படமெடுத்து நார்ஃபோக் அந்துக் குழுவில் போட்டேன். மாவட்டப் பூச்சிப் பதிவாளர் டெஸ்மண்ட் இரண்டே நிமிஷத்தில் தீர்ப்பு: "ஆப்பிள் அந்து. எல்லாத் தோட்டத்துலயும் கிடக்கும். அடுத்தது?" படத்தைப் பெரிதாக்கியாவது பார்த்தாரா? பழுப்பாக எது வந்தாலும் அவருக்கு ஆப்பிள் அந்து. உயிரியல் படித்தவள் நான். இப்போது வெறும் பிள்ளைக்காரி, அவ்வளவுதானே?

ஜூன் 10
பூச்சி டப்பாவில், டப்பா ஃபிரிட்ஜில். குளிரில் அசையாது, இங்கே எல்லாரும் செய்வதுதான். மத்தியானம் வெளியே எடுத்து, அளவு தெரிய மகள் மேபலின் விரலைப் பக்கத்தில் வைத்து இன்னொரு படம். தொட்டுவிட்டாள்! இறக்கைத் தூள் வாய்க்குள் போனால் — ஒன்பது மாசப் பிள்ளைக்கு — ஏதாவது ஆகுமா? மூன்று தடவை கை கழுவிவிட்டேன். ஹ்யூ சிரிக்கிறான்: "பூச்சிக்குப் பக்கத்துலயே அவ சாப்பாட்ட வெச்சிருக்க, அதுக்குப் பயமில்லையா?" புருஷன் வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

ஜூன் 11
புதுப் படத்தில், இறக்கை ஓரம் ஆரஞ்சுப் புள்ளி! குழுவே கொதிக்கிறது. டெஸ்மண்ட் குழைகிறார்: "அம்மணி, விட்டுடாதீங்க. நம்ம மாவட்டத்துக்கே புதுசு போல. சனிக்கிழமை நானே வர்றேன்." இப்போதுதான் கண் திறந்ததாக்கும்! குழு ஆண்டறிக்கையில் என் பேர் அச்சில் வரும்: ஜெமைமா ஹாலட்.

ஜூன் 12
நேற்றைய பதிலை நாலு தடவை படித்தேன். அம்மணியாமே.

ஜூன் 13
மேபலுக்குக் கேரட் மசியல் ஊட்டும்போது சுருக்கென்றது. படத்தைப் பெரிதாக்கினேன் — புள்ளியை இல்லை, விரலை. நக இடுக்கில் அதே ஆரஞ்சு. திங்கட்கிழமைப் படத்தில் புள்ளியே கிடையாது.
அய்யோ. ஆப்பிள் அந்துதான்.
பெரிதாக்கிப் பார்க்காதவள் யாராம்? ஜன்னலைத் திறந்து விட்டுவிட்டு, "தப்பிச்சிடுச்சு"ன்னு சொல்லிட்டா? யாருக்குத் தெரியும்? படம் இருக்கு, பேரும் ஏறிடும்.
டப்பாவைக் கையில் எடுத்தேன். திரும்ப ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்தேன்.

ஜூன் 14, சனி
வாசலிலேயே சொல்லிவிட்டேன். மனுஷர் நம்பவில்லை. ஈரத் தூரிகையால் தொட்டார்; புள்ளி தூரிகையோடு வந்தது. முகர்ந்து பார்த்தார். "முப்பது வருஷமா பூச்சி பாக்கறேன். கேரட்டு!" காது வரை சிவந்து போனார். நேற்றே நாலு மாவட்டத்துக்கு எழுதிப் போட்டுவிட்டாராம். நல்லா வேணும். எனக்கும்தான்.
நோட்டில் எழுதினார்: ஆப்பிள் அந்து, ஒன்று, ஜெமைமா ஹாலட். தோட்டத்தில் பறக்க விட்டோம்.

ஜூன் 21
குழுவில் புதுசாக ஒருத்தி, பச்சைக் கோடு போட்ட பழுப்புப் பூச்சியோடு. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெஸ்மண்ட் முந்திக்கொண்டார்:
"வீட்டுல குழந்தை இருக்கா?"